தருமி வேஷம் கட்டுவது எப்படி?

விரிஞ்சிபுரத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். கார்த்திகைக் கடை ஞாயிறுக்கு வருகிற கூட்டத்துக்காக ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து முக்கால் மணி நேரத்தில் தருமி கதையைக் கூத்துப் பாணியில் போடப் போகிறீர்கள். தருமியைச் சிரிப்பு வேஷமாக வைத்துக்கொள்ளலாமா, அவனுக்கு என்ன உடை, என்ன பாட்டு என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கேள்வியின் உயிர் நடுவில் ஒரு வரியில் இருக்கிறது. கோயில் குருக்கள் ‘அந்தப் பிள்ளையை அசிங்கப்படுத்தாதீங்க’ என்றாராம். உங்கள் நண்பரோ, ‘அடுத்தவர் பாட்டைத் தன் பாட்டு என்று தூக்கிக்கொண்டு பரிசுக்குப் போனவனுக்கு என்ன மானம்?’ என்றாராம். இருவரில் யார் பக்கம் நியாயம் என்பதுதான் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது. குருக்கள் பக்கம்தான். ஏன் என்பதைப் புராணத்தின் வரிகளை வைத்தே சொல்லிவிட்டு, பிறகு மேடைக்கு வருகிறேன்.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 64 படலங்கள். தருமிக்குப் பொற்கிழி அளித்தது 52ஆவது, திருவாலவாய்க் காண்டத்தில் வருகிறது. பாண்டியன் சண்பக மாறனுக்குத் தேவியின் கூந்தல் மணம் இயற்கையா, பூவாலும் சாந்தாலும் வந்த செயற்கையா என்று ஐயம் எழுகிறது. தன் மனத்தில் இருப்பதை அறிந்து பாடுகிறவருக்கு என்று ஆயிரம் பொன்னை ஒரு கிழியில், அதாவது துணி முடிச்சில், கட்டிச் சங்க மண்டபத்தில் தூக்கிவிடுகிறான். புலவர்கள் பாடிப் பார்த்தும் அவன் கருத்து யாருக்கும் பிடிபடவில்லை. இந்த இடத்தில்தான் தருமி வருகிறான். சிவன் கோயில் பூசைக்குரிய ஆதிசைவர் குலத்துப் பிரமசாரி. அவன் இறைவனிடம் முதலில் சொல்வது ‘தந்தை தாய் இலேன், தனியன் ஆகிய மைந்தனேன், புது வதுவை வேட்கையேன்’ என்று. கல்யாணத்துக்குப் பணம் கேட்கிறான், அவ்வளவுதானே என்று தோன்றும். அடுத்த பாட்டைப் படிக்காதவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். அங்கே அவன் கேட்பது: வேதமும் ஆகமமும் முறைப்படி ஓதி முடித்திருக்கிறேன், ஆனாலும் ‘வடுவில் இல்லற வாழ்க்கை இன்றி நின் அடி அருச்சனைக்கு அருகன் ஆவனோ?’ அருகன் என்றால் உரியவன். இல்லறத்தில் இருக்கும் ஆதிசைவருக்கே பூசை உரிமை என்பது முறை. படிப்பு முடிந்தது, தாய் தந்தை இல்லை, பெண் பேசவும் செலவு செய்யவும் ஆள் இல்லை. கல்யாணம் ஆகாததால் பிறந்த குலத்தின் தொழிலைத் தொட முடியாமல் நிற்கிறான். ஆயிரம் பொன் அவனுக்கு அந்தக் கருவறைப் படியைத் தாண்டுவதற்கான வழி.

இதை உங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்குவது மற்ற எந்த ஊரையும்விட எளிது. விரிஞ்சிபுரத்துத் தலபுராணமே இதே நிலையில் நிற்கும் ஒரு பிள்ளையின் கதைதானே. பிரமன் சிவசர்மன் என்ற பெயரில் குருக்கள் வீட்டுப் பிள்ளையாகப் பிறக்கிறான். தந்தை இறந்துபோகிறார். பிள்ளைக்கு இன்னும் உபநயனம் ஆகவில்லை, தீட்சை இல்லை. பூசை முறையோ வந்து நிற்கிறது. தாய் வழித்துணைநாதரிடம் அழுகிறாள். இறைவன் முதியவராக வந்து பிள்ளைக்குப் பூணூலும் தீட்சையும் தருகிறார். குள்ளமான பிள்ளையின் கைக்கு எட்டும்படி லிங்கம் முடியைச் சாய்த்துக் கொடுக்கிறது. கடை ஞாயிறு கொண்டாடுவதே அந்த நாளின் நினைவாகத்தான். அங்கே தடை தீட்சை இல்லாதது, மதுரையில் தடை மணமாகாதது. இரண்டு இடத்திலும் தெய்வம் வேறு உருவில் வந்துதான் பிள்ளையை உரியவன் ஆக்குகிறது. கூத்தில் கதையை நடத்திச் சிரிக்கவும் வைக்கிற கட்டியக்காரன் தொடக்கத்தில் இந்த இரண்டு பிள்ளைகளையும் நாலே வரியில் சேர்த்துச் சொல்லிவிட்டால், உட்கார்ந்திருக்கும் கூட்டம் தருமியைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும்.

இப்போது உங்கள் நண்பரின் குற்றச்சாட்டு. தருமி பொய் சொன்னானா? புராணத்தில் தருமி எதிரே யாரும் புலவராக வந்து பேரம் பேசவில்லை. அவன் சன்னிதியில் வேண்டுகிறான், இறைவன் ‘கொங்குதேர் வாழ்க்கை’ என்று தொடங்கும் பாட்டைத் தருகிறார், பிரசாதம் வாங்குவது போல அவன் வாங்கிக்கொண்டு சங்கத்துக்குப் போகிறான். புலவர்கள் நயந்து, தாங்களே அரசன் முன் போய்ச் சொல்கிறார்கள். அரசன் தன் உள்ளத்தில் இருந்தது அப்படியே வந்ததைக் கேட்டுத் தலையசைத்து மகிழ்ந்து, ‘இன்தமிழ் கொணர்ந்த வேதியன் கொள்க’ என்கிறான். அந்தக் ‘கொணர்ந்த’ என்ற சொல்லைப் பாருங்கள். புனைந்த, பாடிய, இயற்றிய என்று எத்தனையோ சொல் இருக்க, பரஞ்சோதியார் அரசன் வாயில் கொண்டுவந்தவன் என்ற சொல்லை வைத்திருக்கிறார். இது புலவர் வேண்டுமென்றே வைத்ததா, எதுகைக்காக அமைந்ததா என்று அடித்துச் சொல்ல முடியாது, ‘உணர்ந்த’, ‘புணர்ந்த’ என்று வருகிற செய்யுள் அது. இருந்தாலும் ‘இது என் பாட்டு’ என்று மார்தட்டும் தருமியைவிட, தமிழைக் கையில் ஏந்தி வந்த தருமிதான் அந்தப் படலத்தோடு பொருந்துகிறான். மார்தட்டும் தருமி நமக்குப் பழகியது 1965இல் வந்த ‘திருவிளையாடல்’ படத்தால். நாகேஷ் அதில் செய்தது மிகப் பெரிய நடிப்பு. ஆனால் புலவர் உருவில் வந்த இறைவனோடு மண்டபத்தில் நடத்தும் கேள்வி பதிலும், தனியாகப் புலம்புவதும் படத்துக்காக அமைந்தவை. புராணத்தில் அவை இல்லை. அதைப் பார்த்து நடிக்கிற பிள்ளை நாகேஷைத்தான் நடிப்பான், தருமிக்கு இடமே இருக்காது.

கதையின் கனமான இடம் இதற்குப் பிறகு வருகிறது. தருமி கிழியை அறுக்கப் போகும் நேரத்தில் சங்கப் புலவனான கீரன் நிறுத்துகிறான்: இந்தக் கவியில் குற்றம் இருக்கிறது. நிறைந்த அவையில், கை நீட்டிய நிலையில், ஒரு பிள்ளையை நில் என்பது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். அவன் அங்கே வாதாடவில்லை. நேரே சன்னிதிக்குப் போய் விழுகிறான். அங்கே அவன் சொல்வதுதான் நீங்கள் மேடையில் காப்பாற்ற வேண்டிய முதல் பொருள். ‘பெறுபொருள் இழந்தேன் என்று பேசிலேன்’ என்கிறான். பொன் போனது பற்றி நான் பேச வரவில்லை. உன் கவிக்குச் சில்வாழ்நாளும் சிற்றறிவும் உடையவர்கள் குற்றம் சொன்னால் ‘யார் உனை மதிக்க வல்லார்’? ‘எந்தை, இவ்விகழ்ச்சி நின்னது அல்லதை எனக்கு யாது?’ வறுமையில் இருக்கிற பிள்ளை, கைக்கு வந்த ஆயிரம் பொன்னை இழந்து வந்து, பொன்னைப் பற்றிப் பேசாமல் பாட்டின் மானத்தைப் பற்றிப் பேசுகிறான். இதில் மனவேதனையில் எழுந்த சாமர்த்தியமும் கொஞ்சம் இருக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு, இகழ்ச்சியை இறைவன் தலையில் வைத்துவிட்டானே என்று. அப்படியும் படிக்கலாம். எப்படிப் படித்தாலும் இவன் கெஞ்சவில்லை.

இறைவன் அதற்குச் செய்வது என்ன? தன் உருவில் வந்து நின்றிருந்தால் அவையே விழுந்து வணங்கியிருக்கும், பிள்ளைக்கு இரக்கத்தில் கிழி கிடைத்திருக்கும், அவன் கொண்டுவந்த பாட்டு சரியா தப்பா என்ற கேள்வி அப்படியே நின்றிருக்கும். அதனால் புலவராக வருகிறார். அவைக்குள் வந்து நேரே நின்று, ‘யார் நம் கவிக்குக் குற்றம் இயம்பினார்’ என்று கேட்கிறார். ‘நம் கவி’. தருமி கொண்டுவந்ததைத் தன்னது என்று எல்லார் முன்னாலும் ஏற்றுக்கொள்வது அந்த ஒரு சொல். ‘இவ்விகழ்ச்சி நின்னது’ என்று பிள்ளை சொன்னதற்குப் பதில் அது. பிள்ளை மேல் விழுந்த பழி அந்த நொடியில் இறங்கிவிடுகிறது. அதற்குப் பிறகு நடப்பது இரண்டு புலவர்களுக்கு இடையேயான வழக்கு.

நம் பக்கத்துக் கூத்து பார்த்தவர்களுக்கு மாறுவேடத்தில் வரும் தெய்வம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது கர்ண மோட்சம். திரௌபதி அம்மன் கோயில் பாரதத்தில் கிழவனாக வந்து கர்ணனின் புண்ணியத்தையெல்லாம் தானமாக வாங்கிப்போகிற கண்ணனை இரவு முழுக்கப் பார்த்து வளர்ந்த கண்கள் இவை. அங்கே வேடம் போட்டு வருவது வாங்குவதற்கு. இங்கே ஒருவனுக்கு அவையில் இழந்த இடத்தைத் திருப்பித் தருவதற்கு. இதே புராணத்தில் 39ஆவது படலத்திலும் இப்படி ஒரு வருகை உண்டு. தாயாதிகள் சொத்தைப் பறித்துக்கொண்டு விரட்டிய ஒரு தாய்க்கும் மகனுக்கும், தனபதி என்கிற மாமன் உருவில் வந்து வழக்குப் பேசி வாங்கித் தருகிறார். உங்கள் நிகழ்ச்சி நன்றாக நடந்தால் அடுத்த ஆண்டுக்கு அதை எடுத்துக்கொள்ளலாம். தாயாதி வழக்கு எல்லா ஊரிலும் இருக்கிறது, சனங்கள் மூச்சுவிடாமல் பார்ப்பார்கள்.

எது உறுதி, எது உறுதியில்லை என்பதையும் பிரித்துக்கொள்ளுங்கள், யாராவது மேடைக்குக் கீழே கேட்பார்கள். தருமி என்ற பெயர் பழையது என்பது உறுதி. அப்பர் திருப்புத்தூர்த் தாண்டகத்தில் ‘நன்பாட்டுப் புலவனாய்ச் சங்கம் ஏறி நற்கனகக் கிழி தருமிக்கு அருளினோன் காண்’ என்று பாடியிருக்கிறார், ஆறாம் திருமுறையில் இருக்கிறது. பரஞ்சோதியாருக்குப் பல நூற்றாண்டு முன்பே கதை நடமாடியிருக்கிறது. அந்த ஐந்தடிப் பாட்டு குறுந்தொகையில் இரண்டாவது பாட்டாக இருப்பதும், பாடியவர் பெயர் இறையனார் என்று இருப்பதும் உறுதி. பாட்டுக்குள் தருமியோ கிழியோ பாண்டியனோ கிடையாது, அது தலைவன் தலைவியைப் பாராட்டும் அகப்பாட்டு. இறையனார் என்ற பெயரைச் சுற்றிக் கதை வளர்ந்ததா, கதையால் பெயர் வந்ததா என்பது அறிஞர்கள் இன்னும் பேசுகிற விஷயம். சங்க காலத்து நக்கீரரும் புராணத்துக் கீரனும் ஒருவரே என்று மேடையில் அறிவிக்காதீர்கள். தருமிக்கு என்ன வயது என்று படலம் சொல்லவில்லை. ஓதி முடித்த பிரமசாரி என்பதால் பதினெட்டு இருபதுக்குள் இருக்கும் பையனைப் போடுவது பொருந்தும், அது என் கணிப்பு.

இனி மேடை. உங்களிடம் ஒன்பது பேர் இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். தருமி, பாண்டியன், கீரன், புலவராக வரும் இறைவன், கட்டியக்காரன், சங்கப் புலவர் இருவர், திரை பிடிக்க இருவர். அந்தத் திரை பிடிப்பவர்களே புலவரோடு வரும் பரிவாரமாகக் குடையும் கவரியும் பிடிக்கலாம். வாத்தியத்துக்கு வெளியிலிருந்து மத்தளம், ஆர்மோனியம், தாளம் மூவரைக் கூப்பிடுங்கள். முகவீணைக்காரர் கிடைத்தால் விடாதீர்கள். முழு இரவுக் கூத்தின் நடையை 45 நிமிடத்தில் அடைக்கப் பார்த்தால் எல்லாம் வருணனையிலேயே போய்விடும், எனவே நேரத்தை முன்பே வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். தருமியின் வேண்டுதல் 6 நிமிடம், பாட்டை அவை ஏற்பது 7, கீரன் தடுப்பது 3, சன்னிதிப் புலம்பல் 6, புலவர் திரைப்பிரவேசம் 8, வாதம் 8, நெற்றிக்கண்ணும் குளமும் 3, கடைசியில் கிழி தருவது 4. புதியவர்கள் போடும்போது எப்போதும் வாதம்தான் 15 நிமிடமாக வீங்கும், புலம்பல் இரண்டு நிமிடமாகச் சுருங்கும். அப்படி ஆனால் கதை கீரனுடையதாகிவிடும்.

சிரிப்பு வேண்டும், கூட்டம் அதற்காகவும்தான் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பாரத்தைத் தருமி தலையில் வைக்காமல் கட்டியக்காரனிடம் கொடுங்கள். கூத்தில் ராஜாவையே கேள்வி கேட்கிற உரிமை அவனுக்கு உண்டு. கிழியைக் கட்டித் தொங்கவிடுபவன் அவனாகவே இருக்கட்டும். பொன் என்றதும் கருத்துத் தெரியாமலே பாட்டு எழுதிக்கொண்டு ஓடிவரும் புலவர்களை அவன் கிண்டல் செய்யட்டும், கூந்தல் மணத்துக்கு ராஜசபை கூட்டிய ராஜாவையும் ஒரு வார்த்தை கேட்கட்டும். தருமி வந்ததும் அவன் குரல் இறங்க வேண்டும். ‘யாரப்பா நீ?’ என்று வழக்கப்படி கேட்பான், தருமி ‘தந்தை தாய் இலேன்’ என்று விருத்தம் எடுத்ததும் ஓரமாகப் போய்க் குந்திக்கொள்வான். எல்லாரையும் சீண்டுகிறவன் இவனை மட்டும் சீண்டாமல் விட்டால், பார்க்கிறவர்களும் இவனைப் பார்த்துச் சிரிக்கத் தயங்குவார்கள். ஒத்திகையில் கட்டியக்காரன் வாய் சும்மா இருக்காது, ஊர்ப் பெயர்களைச் சொல்லிக் கேலி சேர்ப்பான். சேர்க்கட்டும், தருமி களத்தில் இருக்கும் நேரத்தில் மட்டும் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

வேஷத்தில் பாண்டியனுக்குக் கட்டை வேஷம்: கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம். வாடகைக்கு எடுப்பதானால் முந்தின நாளே வாங்கி ஒருமுறை கட்டி ஆடிப் பார்க்க வேண்டும், பழக்கமில்லாத கழுத்துக்குக் கிரீடம் அரைமணி நேரத்தில் வலி எடுக்கும். தருமிக்குக் கட்டையும் கிடையாது, சலங்கையும் வேண்டாம். வெளுத்த நாலு முழ வேட்டி, இடுப்பில் கட்டிய துண்டு, விபூதி, ஒரு உருத்திராக்கம். வேட்டியைக் கிழித்து ஒட்டுப் போடாதீர்கள், ஏழை என்பது தோய்த்துத் தோய்த்து மெலிந்த வேட்டியிலேயே தெரியும். பிரமசாரிக்கு மூன்று புரி கொண்ட பூணூல் ஒன்றுதான். ஆறு புரி போட்டுவிட்டால் இல்லறத்தான் ஆகிவிடுவான், எதற்காகப் பாடுபடுகிறானோ அது நடந்து முடிந்ததாகிவிடும். உங்கள் குருக்கள் இதை உடனே கவனிப்பார். முகத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, மேலே மிக மெல்லிதாக வண்ணம் போதும். புருவத்தை வளைத்து எழுதினால் கோமாளி முகம் வந்துவிடும்.

புலவர் வேஷத்தில்தான் பலர் தவறுகிறார்கள். மாறுவேடம் என்றதும் எளிய உடையில் யாரோ வழிப்போக்கனாக அனுப்பிவிடுகிறார்கள். படலம் சொல்வது ‘கண்டிகை மதாணி ஆழி கதிர்முடி வயிரம் வேய்ந்த குண்டலம்’. உருத்திராக்க மாலை, பதக்கம், மோதிரம், ஒளிவிடும் முடி, வயிரக் குண்டலம். அவர் பரிவாரத்தோடு வருகிற புலவர் ஏறு. தருமிக்காகப் பேச வருகிறவர் அவையில் இருக்கும் எவரையும்விடப் பெரிய இடத்துப் புலவராக வருகிறார் என்பதில் பொருள் இருக்கிறது, ஒற்றை ஆளாய் நின்ற பிள்ளைக்குப் பின்னால் இப்போது ஒரு கூட்டமே நிற்கிறது. அதனால் சின்ன முடியும் குண்டலமும் கொடுங்கள், குடை ஒன்று, கவரி ஒன்று, ஏட்டுக்கட்டு ஒன்று. நீலகண்டம், பிறை, பாம்பு எதுவும் கண்ணில் படக்கூடாது. திரைக்குப் பின்னால் அடவு போட்டு, முதலில் கை, பிறகு முடி, கடைசியில் முகம் என்று காட்டி, திரை விலகியதும் பாட்டு முடிந்த அமைதியில் அந்த ஒரு கேள்வி: ‘யார் நம் கவிக்குக் குற்றம் இயம்பினார்?’ அப்போது மத்தளம் அடிக்கக் கூடாது. தருமி எங்கே நிற்கிறான் என்பதையும் பாருங்கள். பெரும்பாலும் அவனை அதற்குள் மேடையை விட்டு இறக்கிவிடுவார்கள். புலவருக்கு வலது பக்கம் ஒரு அடி பின்னால் கடைசிவரை நிற்கட்டும், ‘நம்’ என்னும்போது புலவரின் கை அவன் பக்கம் கொஞ்சம் திறந்தால் போதும்.

பாட்டு ஐந்தே அடி. ‘கொங்குதேர் வாழ்க்கை அஞ்சிறைத் தும்பி, காமம் செப்பாது கண்டது மொழிமோ, பயிலியது கெழீஇய நட்பின் மயிலியல், செறியெயிற்று அரிவை கூந்தலின், நறியவும் உளவோ நீயறியும் பூவே.’ மூன்றாம் அடியின் ‘மயிலியல்’ அடுத்த அடியின் அரிவையோடு சேர வேண்டியது, அங்கே மூச்சுவிட்டால் பொருள் உடைந்துவிடும். பாடி முடித்ததும் ஒரு புலவர் பேச்சுத் தமிழில் பொருள் சொல்லட்டும்: தேன் தேடித் திரிகிற வண்டே, எனக்குப் பிடித்ததைச் சொல்லாதே, நீ கண்டதைச் சொல், இவள் கூந்தலைவிட மணமுள்ள பூ ஒன்றை நீ அறிவாயா? இதில் ‘காமம் செப்பாது கண்டது மொழிமோ’ என்ற அடியை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். முகத்துக்காகப் பேசாமல் கண்டதைச் சொல் என்று இறைவனே பாட்டில் கேட்கிறார், கீரன் அதையே செய்கிறான். ஆகவே கீரனை வில்லனாகப் போட வேண்டாம். அவன் பிள்ளை மேல் பகை கொண்டு தடுக்கவில்லை, பாட்டின் பொருளில் உடன்பாடு இல்லாமல் தடுக்கிறான். அவன் குரலில் கேலி வந்தால் இறைவன் வருவது பழிவாங்கப் போலாகிவிடும்.

சுருதியைப் பற்றி ஒன்று. கூத்துக்காரர்கள் எடுக்கும் உச்சக் குரலைப் பழகாத தொண்டை எட்டப் பார்த்தால், புலம்பலில் குரல் கிழியும், கூட்டம் சிரித்துவிடும். இரண்டு கட்டைக்குள் வைத்துக்கொண்டு, புலம்பலை முகாரியில், தாளமில்லாமல் விருத்தமாக விடுங்கள். ‘பெறுபொருள் இழந்தேன் என்று பேசிலேன்’ என்ற வரியை இரண்டாம் முறை பாடாமல் பேசிவிடலாம். தொங்கும் மைக்கில் தாழ்ந்த குரல் பிடிபடாது, சன்னிதி இருக்கும் மூலையில் தனி மைக் வையுங்கள்.

கூந்தலுக்கு இயற்கை மணம் கிடையாது என்பதுதான் கீரன் சொல்லும் குற்றம், வாதத்தில் அதைப் பற்றி மூன்று கேள்வி. உயர்ந்த இலக்கணமுள்ள பதுமினிப் பெண்ணின் கூந்தலுமா, தேவமாதர் கூந்தலுமா, நீ வழிபடுகிற காளத்தியப்பர் பாகத்து ஞானப்பூங்கோதையின் கூந்தலுமா? மூன்றுக்கும் செயற்கை மணமே என்கிறான் கீரன். மூன்றாவது கேள்வியில் நம் பக்கத்துக் கூட்டம் நிமிரும். 1911இல் சித்தூர் மாவட்டம் பிரியும்வரை காளத்தி வட ஆர்க்காட்டோடுதான் இருந்தது, இன்றும் வேலூரிலிருந்து குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். அங்கே அவசரப்படாமல் ஒரு மூச்சு நில்லுங்கள். சங்கறுக்கும் குலம் என்று கீரனின் பிறப்பைச் சொல்லி இகழ்வதும், அவன் திருப்பிச் சொல்வதுமான பாட்டுகளைப் பல மேடைகளில் சேர்ப்பார்கள். அவை தனிப்பாடல்களிலிருந்து வந்தவை, இந்தப் படலத்தில் கிடையாது. விட்டுவிடுங்கள். ஒரு பிள்ளையின் மானத்துக்காக வந்தவர் இன்னொருவனின் பிறப்பைத் தூற்றினால் வந்த காரியமே கெட்டுவிடும், ஊர்க் கூட்டத்தில் அது வேறு பொறியையும் கிளப்பும்.

நெற்றிக்கண்ணுக்குக் குங்கிலியத் தூளைப் பந்தத்தில் வீச வேண்டாம். கீற்றுப் பந்தலின் கீழே அது கூத்துக்காரர்களே பயந்து செய்கிற வேலை. திரையை ஒரு கணம் குறுக்கே பிடித்து, பின்னால் நெற்றியில் செந்தூரத்தால் கண் எழுதி, திரையை இறக்குங்கள். முன்பே வட்டமாக மெழுகுக் கோடு போட்டு வைத்தால் எழுதப் பத்து விநாடி போதும். ‘ஆகம் முற்றும் நீர் கண் ஆனாலும் மொழிந்த நும் பாடல் குற்றம் குற்றமே’ என்று கீரன் சொல்லிவிட்டு, இருவர் அலையாக ஆட்டும் நீலத்துணிக்குள் விழட்டும். தரையில் பழைய மெத்தை ஒன்று இருக்க வேண்டும், சாக்கு மட்டும் போதாது.

பெரும்பாலான மேடைகளில் இங்கேயே மங்களம் பாடிவிடுகிறார்கள், தருமிக்குக் கிழி கிடைத்ததா என்று யாரும் காட்டுவதில்லை. புராணத்தில் அது அடுத்த படலத்தில், 53இல், வருகிறது. கீரன் கயிலையையும் காளத்தியையும் பாடிக் கரையேறி, இறைவன் அருள் பெற்ற பிறகு பொற்கிழி தருமிக்கு வந்து சேர்கிறது, பாண்டியனும் வரிசைகள் தருகிறான். அந்த நாலு நிமிடத்தை எக்காரணம் கொண்டும் வெட்டாதீர்கள். கிழிக்கு மஞ்சள் பட்டுத்துணியில் ஒன்றரைக் கிலோ புளியங்கொட்டையும், மேலே ஒரு பிடி இரும்பு வாஷரும் போட்டுக் கட்டுங்கள், கனமும் இருக்கும், சத்தமும் வரும். மணல் கொட்டினால் ஓரத்தில் கசியும். தருமி கையை உயர்த்தினால் விரல் தொடும் உயரத்தில் தொங்க வேண்டும், முக்காலி போட்டு ஏற வைத்தால் சிரிப்பு வரும். இழுத்தால் அவிழும் முடிச்சாகப் போடுங்கள். முதல் முறை அவன் விரல் பட்டதும் கீரன் நிறுத்துகிறான். கடைசியில் அந்த முடிச்சைக் கீரன் கையாலேயே அவிழ்த்துக் கொடுக்க வைக்கலாம். இது படலத்தில் இப்படியே இல்லை, சங்கத்தார் தருவதாக இருப்பதால் இவ்வளவு உரிமை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். தருமி இரண்டு கையாலும் வாங்கி, பாண்டியன் பக்கம் திரும்பாமல், கருவறை என்று நீங்கள் குறித்திருக்கும் மூலையை நோக்கி நடக்கட்டும், மத்தளம் அங்கிருந்து எடுக்கட்டும்.